உரமும் ஊற்றும்

மதுரை மாநகரின் பெருமையைப் பேசுவோர் மீனாட்சியம்மை திருக்கோயிலைக் கூறுவர். தமிழ்ச் சங்கத்தைக் கூறுவர். மல்லிகையின் மணத்தைக் கூறுவர். இப்பெருமைகள் அனைத்திற்கும் அடிநிலையாய் நின்று அந்நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் வாழ்வித்து வருவது நீரே ஆகும். வருசநாட்டு மலையில் தோன்றும் வையை, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடுகின்றது. ஆயினும் ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் பேராறன்று அது. மதுரை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதிலும் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவக் காற்றினால் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களையொட்டிப் பெய்துவிடுகின்றது. ஆதலின் பெய்த நீரைத் தேக்கிவைத்து, பெய்யாத நாளில் பயன்கொள்ளும் அறிவு இந்நாட்டு மக்களுக்கு இன்றியமையாததாயிற்று.

அவ்வறிவு முன்னோரிடம் நிறைந்திருந்தது. வயலுக்கு நீர் தரக் கண்மாய் வெட்டினர். குடிப்பதற்கெனத் தனியே ஊருணி அமைத்தனர். கண்மாயின் நீர் மடை வழியாகப் பாய்ந்து நெல் விளைத்தது. ஊருணியின் நீர் குடத்தில் ஏறி வீடு புகுந்தது. இரண்டும் நீரே எனினும், ஒன்றன் தொழிலை மற்றொன்றுடன் அவர்கள் கலக்கவில்லை. குடிநீர் ஊருணியில் குளிப்பதும், துணி துவைப்பதும், கால்நடைகளை இறக்குவதும் கூடா என ஊரார் கட்டுப்பாடு செய்தனர். பின்னர் 1895ஆம் ஆண்டில் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டி முடித்த பெரியாற்றணை, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்த வழியால் கிழக்கே திருப்பியது. 1959ஆம் ஆண்டில் ஆண்டிபட்டிக்கு அருகில் வையை அணை திறக்கப்பெற்றது. இவற்றால் வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் முதலிய பகுதிகள் பசுமை பெற்றன.

அணை நீரும் கண்மாய் நீரும் எட்டாத இடங்களில் கிணறே உழவனுக்குத் துணை. மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டியான பாறை. அப்பாறையின் மேலே சிதைந்து நொறுங்கிய மண்ணும் கல்லும் கலந்த ஓர் அடுக்கு உண்டு. மழைநீர் இவ்வடுக்கினுள் இறங்கி, பாறையின் வெடிப்புகளில் தங்கி, கிணற்றில் ஊற்றாய்ச் சுரக்கின்றது. தோட்டத்துக் கிணற்று நீரைப் பயிருக்குப் பாய்ச்சுவர். அதே நீரைத் தோட்டத்து வீட்டில் இருப்போர் பருகுவர். களையெடுக்க வந்த மகளிரும் அதனையே அள்ளிக் குடிப்பர். எனவே நிலத்தின் மேல் இடப்படும் பொருள் எதுவோ, அதன் ஒரு கூறு என்றேனும் ஊற்றில் வந்து சேரும் என்பதை மறத்தலாகாது.

இக்காலத்தில் அவ்வாறு வந்து சேரும் பொருள்களுள் ஒன்று நைட்ரேட்டு என்பது. வெடியுப்பு என்று மக்கள் வழங்கும் பொருளும் இவ்வினத்தைச் சேர்ந்த உப்பே. நீரில் கலந்துள்ள நைட்ரேட்டு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மணம் இல்லை. குடிநீரில் காணப்பெறும் அளவில் அதன் சுவையையும் நாக்கு அறிந்து கூறாது. கலங்கிய நீரைக் கண்டால் மனிதன் வடிகட்டுவான். நாறும் நீரைக் கண்டால் விலக்குவான். தெளிந்த நீரில் மறைந்து நிற்கும் கேட்டை அறிய ஆய்வு ஒன்றே வழி. ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்று 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரக்குறிப்பு வரையறுத்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 50 மில்லிகிராம் எனக் கொண்டுள்ளது.

இந்த உப்பு கிணற்றில் புகுந்த வரலாறு மனிதனின் பசியோடு பிணைந்தது. பயிர் தழைத்து வளர நைட்ரஜன் வேண்டும். அதனாலேயே உழவர் அதனைத் தழைச்சத்து என்கின்றனர். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே ஆகும். ஆயினும் கடல் நடுவே நிற்பவன் உப்பு நீரைப் பருக முடியாமல் தாகத்தால் வாடுவது போலப் பயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை நேரே உண்ண இயலாமல் வாடும். பயறு, உளுந்து, சணப்பை போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் பிடித்துத் தர வல்லன. 1909ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஹாபர் என்னும் செருமானிய அறிஞர் காற்றிலுள்ள நைட்ரஜனை ஐட்ரஜனுடன் சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பாஷ் என்பார் அதனைத் தொழிற்சாலை அளவில் செய்யும் வழி கண்டார். 1913ஆம் ஆண்டில் ஓப்பாவ் என்னும் ஊரில் அத்தொழில் தொடங்கிற்று. இந்தியாவில் 1951ஆம் ஆண்டில் சிந்திரியில் பெரிய உரத் தொழிற்சாலை இயங்கலாயிற்று. 1970-களில் சென்னையை அடுத்த மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆக்கும் ஆலைகள் எழுந்தன. அக்காலத்தில் பரவிய குட்டை நெல் வகைகள் இவ்வுரத்தை ஏற்று மிகுதியாக விளைந்தன. உணவுத் தானியத்திற்குப் பிற நாடுகளின் கப்பலை எதிர்நோக்கி நின்ற நாடு தன் காலில் நிற்கலாயிற்று. இந்நன்மையை மறைத்துவிட்டு உரத்தைப் பழிப்பது நன்றியில்லாச் செயலாகும்.

ஆயினும் உரம் செய்யும் நன்மை அதன் அளவில் அடங்கியது. நூறு கிலோ தழைச்சத்தை நெல் வயலில் இட்டால், அதில் முப்பது முதல் நாற்பது கிலோ அளவையே பயிர் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றது. எஞ்சியதில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். ஒரு பங்கு நுண்ணுயிர்களால் மீண்டும் வாயுவாகும். ஒரு பங்கு மண்ணில் தங்கும். ஒரு பங்கு நீரோடு செல்லும். யூரியா மண்ணில் விழுந்தவுடன் அமோனியாவாகவும், பின்னர் நுண்ணுயிர்களின் செயலால் நைட்ரேட்டாகவும் மாறுகின்றது. களிமண் துகள்கள் எதிர்மின் தன்மை உடையன. அமோனியம் நேர்மின் தன்மை உடையது. ஆதலின் மண் அதனைப் பற்றி நிறுத்துகின்றது. நைட்ரேட்டோ எதிர்மின் தன்மை உடையது. மண் அதனைப் பற்றுவதில்லை. பற்றுவார் இல்லாத அவ்வுப்பு, பாய்ச்சிய நீருடனும் பெய்த மழையுடனும் வேருக்குக் கீழே இறங்கி, ஊற்றை அடைகின்றது.

இதன் அளவை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இப்போது விற்கப்பெறும் யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உண்டு. ஆகவே ஒரு மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20.7 கிலோ. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 92 கிலோ நைட்ரேட்டு கிடைக்கும். இவ்வளவு நைட்ரேட்டு, மாசற்ற 20 லட்சம் லிட்டர் நீரைக் குடிநீருக்குரிய எல்லையின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். மூட்டையில் மூன்றில் ஒரு பங்கே கீழே இறங்கிற்று என்று கொண்டாலும், ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர் நீர் அந்நிலையை அடையும். இருபது அடி விட்டமும் இருபத்தைந்து அடி நீராழமும் உள்ள ஒரு கிணறு சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் நீர் கொள்ளும். எனவே ஒரு மூட்டையின் மூன்றில் ஒரு பங்கு, இத்தகைய மூன்று கிணறுகளைக் கெடுக்கப் போதுமானது. வீணாகும் உரம் உழவனின் பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை என்பது இதனால் தெளிவாகும்.

எல்லா நிலமும் ஒரே வகையில் நைட்ரேட்டைக் கசியவிடுவதில்லை. சேறு கலக்கி நீர் நிறுத்திய நெல் வயலின் அடியில் காற்றுப் புகாமையால், நைட்ரேட்டில் பெரும் பங்கு வாயுவாகி மேலே போய்விடும். காய்கறித் தோட்டம், மல்லிகைத் தோட்டம், வாழைத் தோட்டம் ஆகியவற்றில் மண் நனைவதும் காய்வதுமாக இருக்கும். அங்கே நைட்ரேட்டு எளிதில் உண்டாகி, அடுத்த முறை பாய்ச்சும் நீருடன் கீழே இறங்கும். திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் விளையும் மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நாள்தோறும் மலர் பறிக்கும் உழவன் நாள்தோறும் மலர் வேண்டும் என்னும் ஆசையால் உரத்தை மிகுதியாக இடுவானாயின், செடியின் வேரைத் தாண்டிச் செல்லும் பங்கும் மிகும். உரக்கடையின் உரமே இதற்குக் காரணம் என்றும் கருதுதல் கூடாது. குவித்து வைத்த சாணக் குப்பையின் கசிவும், கழிவறைக் குழியின் கசிவும், நகரின் சாக்கடை நீரும் நைட்ரேட்டைத் தருவன. நகர்ப்புறக் கிணற்றில் இவற்றின் பங்கே பெரிதாக இருத்தல் கூடும். எருவாயினும் உரமாயினும், பயிர் உண்ணாமல் எஞ்சுவதே ஊற்றைக் கெடுக்கும்.

இதனால் வரும் தீங்கு முதற்கண் தாக்குவது பேசத் தெரியாத பச்சிளங் குழந்தைகளையே. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கோம்லி என்னும் மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் கரைத்த பாலுணவை உண்ட குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததைக் கண்டு அதன் காரணத்தை வெளியிட்டார். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளின் வயிற்றில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளைத் தாக்கி, உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை அழிக்கின்றது. உதடும் விரல் நுனியும் நீலமாகும். நோய் முற்றின் உயிருக்கும் இடர் நேரும். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க் கிருமி சாகும். நைட்ரேட்டோ சாவதற்கு உயிருள்ள பொருளன்று. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் நைட்ரேட்டின் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. குழந்தையின் நலத்தைக் கருதி நீரை நெடுநேரம் காய்ச்சும் தாய், அறியாமையால் அக்குழந்தைக்கே தீங்கு செய்தவளாவாள். அத்தகைய ஊர்களில் தாய்ப்பால் குழந்தைக்கு உணவு மட்டுமன்று, காப்பும் ஆகும்.

நிலத்தடியே அன்றி நிலத்தின் மேலுள்ள நீர்நிலைகளும் இவ்வுப்பினால் நலிகின்றன. கண்மாயில் சேரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் செழிக்கச் செய்கின்றன. வையையின் நகர்ப்பகுதியிலும் வண்டியூர்க் கண்மாய் போன்ற நீர்நிலைகளிலும் ஆகாயத்தாமரை படர்ந்து கிடப்பதை மதுரை மக்கள் பலகாலும் கண்டுள்ளனர். அங்கே சாக்கடை நீரின் பங்கு பெரிது. வயல் நீரும் அதனுடன் கைகோக்கின்றது. பச்சைப் பாயை விரித்தாற்போன்ற அத்தோற்றம் கண்ணுக்கு இனிது, நீருக்கு இனிதன்று. மடிந்த பாசியும் தழையும் அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்க்காற்று செலவாகி, மீன்கள் மூச்சு முட்டி மிதக்கின்றன.

இது மதுரைக்கு மட்டும் உரிய இடர் அன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2023ஆம் ஆண்டில் எடுத்த நீர் மாதிரிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது, நைட்ரேட்டில் வரையறுத்த எல்லையைக் கடந்திருந்தன. அத்தகைய நீர் காணப்பெற்ற மாவட்டங்கள் 2017ஆம் ஆண்டில் 359. 2023ஆம் ஆண்டில் 440. தமிழ்நாட்டில் எல்லை கடந்த மாதிரிகள் நூற்றுக்கு 37. இராசத்தானும் கருநாடகமும் இதனினும் மிக்க அளவினைக் காட்டின. கடல் கடந்து நோக்கினும் இந்நிலை காணப்படும். ஈழத்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் தங்கிய கிணற்று நீரே குடிக்கவும் பயிரிடவும் பயன்படுகின்றது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் அந்நிலத்தின் உரம், துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் வழியே விரைந்து இறங்குகின்றது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைட்ரேட்டு மிகுந்திருப்பதை அறிஞர்கள் ஆய்ந்து காட்டியுள்ளனர்.

அவ்வாறாயின் உரத்தை அடியோடு விலக்கிவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவிற்கு இலங்கையின் அனுபவமே விடை தரும். 2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அந்நாட்டு அரசு செயற்கை உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. நிலத்தைப் பக்குவப்படுத்தவும், மாற்று எரு ஆக்கவும் உழவர்க்குக் காலம் கிடைக்கவில்லை. நெல் விளைச்சல் குறைந்தது. உழவர் வீதியில் இறங்கிக் குறை கூறினர். அவ்வாண்டு நவம்பரிலேயே தடை விலக்கப்பெற்றது. நோயாளிக்கு மருந்து மிகுந்தது என்பதற்காக மருந்தையே மறுப்பது மருத்துவம் ஆகாது; அளவைத் திருத்துவதே மருத்துவம். டென்மார்க்கு நாடு இவ்வழியைப் பின்பற்றிற்று. 1987ஆம் ஆண்டில் தொடங்கிய நீர்க்காப்புத் திட்டத்தினால், ஒவ்வோர் உழவனும் இடும் உரத்திற்குக் கணக்கு வைக்கவும், எருவைக் கசியாத தொட்டியில் சேமிக்கவும், அறுவடைக்குப்பின் நிலத்தை வெறுமையாய் விடாது மூடுபயிர் வளர்க்கவும் அந்நாடு வழிவகை செய்தது. 2003ஆம் ஆண்டளவில் நிலத்திலிருந்து கசியும் தழைச்சத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1991ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பும் இதற்கெனச் சட்டம் ஒன்றை இயற்றி, எளிதில் கெடக்கூடிய நிலப்பகுதிகளை வரையறுக்கவும், உரமிடத் தகாத காலத்தைக் குறிக்கவும் விதித்தது.

நம் நாட்டில் உழவன் யூரியாவை மிகுதியாக இடுவதற்கு அவனது பேராசை ஒன்றே காரணம் என்பது நேர்மையன்று. 2010ஆம் ஆண்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை முறை மாற்றப்பெற்றது. யூரியாவின் விலை அரசின் கட்டுப்பாட்டிலேயே நின்றது. ஆகவே மற்றவை விலையேற, யூரியா மலிவாயிற்று. மலிவான உரத்தை மிகுதியாக இடுதல் எளியோர்க்கு இயல்பு. இட்ட சில நாளில் பயிர் கருகருவெனப் பசுமை கொள்வதும் அவனை ஏமாற்றுகின்றது. மிகுந்த பசுமை மிகுந்த விளைச்சல் அன்று. தழைச்சத்து மிக்க நெற்பயிர் புகையானுக்கும் குலைநோய்க்கும் விருந்தாகும். கதிர் முற்றும் காலத்தில் சாய்ந்தும் விழும். உரத்திற்குக் கொடுத்த பணத்தின் மேல் பூச்சி மருந்துக்கும் பணம் கொடுக்க நேரிடும்.

அளவறிந்து உரமிடும் வழிகள் இன்று பல உள. முதலாவது மண்ணை ஆய்வது. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இதற்குத் துணையாகும். இரண்டாவது, முழு உரத்தையும் ஒரே நாளில் கொட்டாமல், நடவின் போதும், தூர் கட்டும் போதும், கதிர் உருவாகும் போதும் பயிரின் பசிக்கேற்பப் பிரித்திடுவது. நெல்லின் பசியை அறிய இலை வண்ண அட்டை என்னும் எளிய கருவி உண்டு. பச்சை நிறத்தின் பல படிகள் தீட்டிய அவ்வட்டையை இலையுடன் ஒப்பிட்டு, குறித்த படிக்குக் கீழே நிறம் வெளுத்தால் மட்டும் யூரியா இடவேண்டும் எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று 1965ஆம் ஆண்டு முதல் மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் இயங்கி வருகின்றது. மூன்றாவது, யூரியாவுடன் வேம்பைச் சேர்ப்பது. வேப்பம் புண்ணாக்குடன் யூரியாவைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடும் வழக்கம் உழவரிடம் உண்டு. வேம்பின் சத்து, அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கின்றது. 2015ஆம் ஆண்டு முதல் நாட்டில் ஆக்கப்பெறும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என விதிக்கப்பெற்றது. மழை வரும் அறிகுறி தோன்றும் நாளில் உரமிடாமையும், உரமிட்ட நாளில் வரம்பு வழிய நீர் பாய்ச்சாமையும் செலவில்லாக் காப்புகள்.

பழைய வழக்கங்களையும் மறத்தல் கூடாது. சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது, தழைச்சத்தைச் சிறிது சிறிதாக ஊட்டும். அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை மடக்குதல் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த முறை. கோடையில் கண்மாய் வண்டலை வெட்டி வயலில் பரப்புவது, வயல் இழந்த சத்தை வயலுக்கே மீட்டுத் தருவது, கண்மாயும் ஆழமாகும். திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர் பாய்ச்சுதல், பயிர் காத்தல் ஆகியவற்றை ஒருங்கு வைத்து எண்ணினார். எரு ஒன்றே விளைவைத் தரும் என அவர் கொள்ளவில்லை.

கெட்ட கிணற்றையும் திருத்துவதற்கு வழி உண்டு என்பது ஆறுதல் தரும் செய்தி. ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட்டு இருப்பதாகக் கொள்வோம். அந்நீர் குடிக்கத் தகாதது. ஆயினும் அதனை ஓர் ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் நிற்கும்படி ஐந்து முறை பாய்ச்சினால் செல்லும் நீர் ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர். அதனுடன் வயலுக்குச் செல்லும் நைட்ரஜன் சுமார் 20 கிலோ. அஃதாவது, கடையில் விலை கொடுத்து வாங்கும் யூரியா மூட்டை ஒன்றன் சத்து அந்நீரிலேயே கரைந்துள்ளது. கிணற்று நீரை ஆய்ந்தறிந்த உழவன் அந்த அளவை உரக் கணக்கில் கழித்துக்கொண்டால், பணம் மிச்சமாகும். பயிரே நீரிலுள்ள உப்பைச் சிறிது சிறிதாக உண்டு கிணற்றைத் துலக்கும். ஆய்ந்தறியாத உழவனோ, தன் கிணற்றில் கிடக்கும் உரத்தை அறியாமல், கடையிலிருந்து மேலும் ஒரு மூட்டை வாங்கிவந்து கொட்டுவான்.

குடிக்கும் கிணற்றைத் தனியே காத்தலும் வேண்டும். குடிநீர்க் கிணற்றைச் சூழ எருக்குழியும் கழிவறைக் குழியும் கால்நடைக் கொட்டிலும் அமையாதவாறு இடைவெளி விடுதலும், கிணற்றின் வாயில் உயர்ந்த சுவர் எழுப்பி வயல் நீர் வழிந்து புகாமற் காத்தலும் இன்றியமையாதன. நைட்ரேட்டு எல்லை கடந்த ஊரில், பச்சிளங் குழந்தைக்கு வேறு நல்ல நீர் கொண்டுவருவதே முறை. ஊர்ப் பொதுக் கிணற்றின் நீரை ஆய்வுக்கு அனுப்பி, அம்முடிவை ஊராட்சி மன்றத்தின் பலகையில் எழுதி வைத்தால், எக்கிணறு குடிப்பதற்கு, எக்கிணறு பாய்ச்சுவதற்கு என்பதை யாவரும் அறிவர். குடிநீர் வேறு, பாசன நீர் வேறு என்று பிரித்தமைத்த முன்னோரின் ஊருணிக் கட்டுப்பாடு இக்காலத்திற்கும் பொருந்துவதே ஆகும்.

நிலத்தின் மேல் வரப்பு உண்டு. அஃது ஒருவன் நிலத்தை மற்றொருவன் நிலத்திலிருந்து பிரிக்கும். நிலத்தின் கீழே வரப்பு இல்லை. ஒருவன் மிகையாக இட்ட உரம் அடுத்தவன் கிணற்றில் ஊறும்; அடுத்த தலைமுறையின் குவளையிலும் சேரும். கீழே இறங்கிய உப்பை ஊற்றிலிருந்து பிரித்தெடுக்கப் பெரும் பொருட்செலவுடைய கருவிகள் வேண்டும். அதனைக் கீழே இறங்காமல் தடுப்பதற்கோ, ஓர் அட்டையும், ஒரு தராசும், ஆராய்ந்து செய்யும் மனமும் போதும். உரமூட்டையை அவிழ்க்கும் உழவன், ‘இதில் என் பயிருக்கு எவ்வளவு, என் கிணற்றுக்கு எவ்வளவு?’ என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பானாயின், நெல்லும் விளையும், நீரும் கெடாது. வீட்டில் உழவுத் தொழில் உடைய மாணவர், மண்வள அட்டையைப் பெற்றோர்க்குப் படித்துச் சொல்லுதலும், கிணற்று நீரை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்ல உதவுதலும், தாம் கற்ற கல்வியை ஊருக்குப் பயன்படச் செய்யும் நற்பணிகளாம்.